தவறான கணக்கு: பாஸ்ஃபாடிடைல்செரினும் நினைவாற்றல் வியாபாரமும்

மூன்று வரியில் முடிந்துவிடும் வாதம் அது. மூளையில் பாஸ்ஃபாடிடைல்செரின் என்ற கொழுப்பு நிறைய இருக்கிறது. வயது ஏற ஏற அது குறைகிறது. ஆகவே அதை மாத்திரையாக விழுங்கினால் நினைவாற்றல் திரும்பும். இணையக் கடைகளின் ‘மூளை நலம்’ பகுதியிலும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரைக் குறிவைக்கும் விளம்பரங்களிலும் இந்த மூன்று வரிதான் வேறு வேறு சட்டை மாட்டிக்கொண்டு வருகிறது. விற்பவர்கள் மட்டும் சொன்னால் பொருட்படுத்தத் தேவையில்லை. உடல்நலப் பத்தி எழுதுபவர்கள் அதை ‘மூளைக்கு உணவு’ என்கிறார்கள். கேட்டால் மருத்துவர்கள் சிலரும், “கெடுதல் ஒன்றும் இல்லையே, சாப்பிட்டுப் பாருங்கள்” என்று சொல்லி அடுத்தவரை அழைக்கிறார்கள்.

இந்த வாதம் மிகைப்படுத்தப்பட்டது என்று சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அதன் அடிப்படையே பிசகு என்கிறேன். இரும்புச்சத்துக்கும் வைட்டமின் பி12க்கும் போடும் கணக்கை அது இந்தக் கொழுப்புக்கும் போடுகிறது: குறைந்தால் நோய், நிரப்பினால் குணம். ஆனால் பாஸ்ஃபாடிடைல்செரின் என்ற பொருளின் வேலையும் வினையும் அதன் அளவைப் பொறுத்தவை என்று கொள்வதற்கு ஆதாரம் சொற்பம். செல் சவ்வின் எந்தப் பக்கத்தில் அது நிற்கிறது என்பதைப் பொறுத்தவை என்பதற்கோ ஐம்பது ஆண்டு ஆய்வு சாட்சி. எந்த மாத்திரையாலும் அந்தப் பக்கத்தை முடிவு செய்ய முடியாது.

எழுத வசதியாக இனி இதை பி.எஸ். என்றே குறிப்பிடுகிறேன்.

மூளைக்கு மட்டும் உரியதா?

முதல் வரியிலிருந்தே தொடங்கலாம். பி.எஸ். மூளைப் பொருள் என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. லண்டனில் வாழ்ந்த ஜெர்மானிய மருத்துவர் துடிகம், மூளையின் வேதியியலைப் பற்றி 1884இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். மூளையிலிருந்து அவர் பிரித்த கொழுப்புகளில் ஒன்று கெபாலின். அது ஒரே பொருள் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜோர்டி ஃபோல்ச், 1941இல் அந்தக் கெபாலினுக்குள்ளிருந்து பி.எஸ்.ஸைத் தனியே எடுத்துக் காட்டினார். கெபாலின் என்பதே பல கொழுப்புகளின் கலவை என்று அடுத்த ஆண்டே நிறுவினார். மூளையில் முதலில் கிடைத்ததால் மூளையின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. தேடியிருந்தால் ஈரலிலும் கிடைத்திருக்கும், இரத்தத்திலும் கிடைத்திருக்கும். நம் உடலில் சவ்வு உள்ள செல் எதுவானாலும் அதில் பி.எஸ். உண்டு.

மூளைப் புறணியில் அதன் பங்கு கூடுதல் என்பது உண்மைதான்: அங்குள்ள பாஸ்போலிப்பிடுகளில் நூற்றுக்கு 13 முதல் 15 வரை. ஆனால் ஓர் உறுப்பில் ஒரு பொருள் அதிகம் இருந்தால் அதை வாய்வழியாகக் கொடுக்க வேண்டும் என்பது எந்தத் தர்க்கம்? உடலின் மொத்தக் கொலஸ்டிராலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மூளையில்தான் இருக்கிறது. ஞாபக சக்திக்குக் கொலஸ்டிரால் மாத்திரை என்று யாராவது விற்கிறார்களா? மூளை தனக்கு வேண்டிய கொலஸ்டிராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் அந்த வியாபாரம் எடுபடாது. பி.எஸ். விஷயமும் அதேதான். ஒவ்வொரு செல்லும் தன் உள்வலைப் பின்னலில், ஏற்கெனவே இருக்கும் வேறு இரண்டு பாஸ்போலிப்பிடுகளின் தலைப்பகுதியைக் கழற்றிவிட்டு செரின் என்ற அமினோ அமிலத்தை மாட்டி, பி.எஸ்.ஸை உண்டாக்குகிறது. இதற்கு இரண்டு நொதிகள் உள்ளன. இரண்டில் ஒன்றை நீக்கிவிட்டாலும் எலிகள் பிறக்கின்றன, வளர்கின்றன. மற்ற நொதி ஈடுகட்டிவிடுகிறது. இரண்டையும் நீக்கினால்தான் கரு பிழைப்பதில்லை. வெளியிலிருந்து வரவை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பொருளுக்கு உடல் இப்படி இரட்டை ஏற்பாடு செய்து வைக்காது.

இந்த நொதிகள் வரம்பு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் இயற்கையே ஒரு சோதனை நடத்தியிருக்கிறது. லென்ஸ்–மஜெவ்ஸ்கி நோய் என்பது மிக அரிதான பிறவிக் குறைபாடு: எலும்புகள் அளவுக்கு மீறி இறுகித் தடிக்கும், தோல் தளர்ந்து தொங்கும், விரல்கள் சரியாக உருவாகா, அறிவு வளர்ச்சி பின்தங்கும். இதன் காரணம் 2014இல் வெளிப்பட்டது. பி.எஸ். தயாரிக்கும் முதல் நொதியின் மரபணுவில் பிறழ்வு. அதனால் நொதி முடங்கவில்லை. ‘போதும்’ என்ற கட்டளைக்குக் கட்டுப்படும் தன்மையைத்தான் அது இழந்தது, பி.எஸ். தேவைக்கு மேல் குவிந்தது. கூடுதல் பி.எஸ். கூடுதல் அறிவு என்ற கணக்கு சரியென்றால் இந்தக் குழந்தைகள் மேதைகளாக இருந்திருக்க வேண்டும்.

உள்பக்கத்தின் காவல்

செல் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது என்பதை டச்சு ஆய்வாளர்கள் கார்ட்டரும் கிரெண்டலும் 1925இலேயே கண்டார்கள். இரண்டு அடுக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்ற ஊகம் மட்டும் நீடித்தது. 1972இல் மார்க் பிரெட்ஷர், சிவப்பணுவின் சவ்வில் வெளியடுக்கும் உள்ளடுக்கும் வேறு வேறு கொழுப்பால் ஆனவை என்ற கருத்தை முன்வைத்தார். மறு ஆண்டே நெதர்லாந்தில் ஃபெர்க்லை, ஸ்வால், ஃபான் டீனன் ஆகியோர், கொழுப்பை வெட்டும் நொதிகளை வெளியிலிருந்து செலுத்திப் பார்த்து அதை உறுதி செய்தார்கள். வெளியே நிற்கும் நொதிக்கு பி.எஸ். அகப்படவே இல்லை. அது முழுக்க உள்ளடுக்கில் ஒதுங்கியிருந்தது.

இந்த ஒதுக்கம் தானாக நிகழ்வதல்ல. பி.எஸ். வெளியே நழுவினால் அதைப் பிடித்து உள்ளே தள்ளுவதற்கென்றே செல்லில் புரதங்கள் இருக்கின்றன. ஃபிளிப்பேஸ் எனப்படும் இவை ஏ.டி.பி. ஆற்றலைச் செலவழித்துத்தான் வேலை செய்கின்றன என்பதை 1984இல் சென்யுரேயும் தெவோவும் காட்டினார்கள். அதாவது, பிறந்தது முதல் ஒவ்வொரு கணமும் செல் தன் வருமானத்தில் ஒரு பகுதியை பி.எஸ். வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குச் செலவிடுகிறது.

உள்ளே இருக்கையில் அதற்கு வேலை நிறைய. அதன் தலைப்பகுதியில் எதிர்மின்னூட்டம் உண்டு. அந்த மின்னூட்டத்தைத் தேடித்தான் பல புரதங்கள் சவ்வின் உள்சுவருக்கு வந்து ஒட்டுகின்றன. ஜப்பானின் கோபே நகரில் நிஷிசூகா கண்டறிந்த புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதி, பி.எஸ். இல்லாமல் விழித்துக்கொள்வதில்லை. செல் உயிர் பிழைக்க உதவும் வேறு சில சமிக்ஞைப் புரதங்களுக்கும் இதே சார்பு உண்டு. பி.எஸ்.ஸின் ஒரு பகுதி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் வேறொரு பாஸ்போலிப்பிடாக உருமாறுகிறது. இவை நரம்பு செல்லுக்கு இன்றியமையாதவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. மாத்திரை விற்பவர்கள் எடுத்துச் சொல்லும் ‘அறிவியல்’ இந்தப் பத்தியோடு முடிகிறது. மீதிக் கதையை அவர்கள் சொல்வதில்லை. அந்த மீதிக் கதையில்தான் நோய்கள் எல்லாம் இருக்கின்றன.

வெளியே வந்தால்

தீ அடுப்பில் எரிந்தால் சமையல், கூரையில் எரிந்தால் விபத்து. வீட்டில் எவ்வளவு தீ இருக்கிறது என்று எந்தத் தீயணைப்பு வீரரும் கேட்பதில்லை. பி.எஸ். விஷயத்தில் உடல் கேட்கும் கேள்வியும் இடத்தைப் பற்றியதே.

கை அறுபட்டால் தட்டணுக்கள் காயத்தில் போய் ஒட்டுகின்றன. அவற்றுக்குள் கால்சியம் ஏறுகிறது. உடனே ஸ்கிராம்பிளேஸ் என்ற புரதம் திறந்துகொண்டு, உள்ளடுக்கில் இருந்த பி.எஸ்.ஸை வெளியடுக்கில் கொட்டுகிறது. இரத்தம் உறைவதற்கான புரதங்கள் அந்தப் பரப்பில்தான் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு வந்து அமர்கின்றன. வைட்டமின் கே இந்தப் புரதங்களுக்கு அளிப்பது இப்படி அமர்வதற்கான பிடியைத்தான். வார்ஃபரின் மாத்திரை தடுப்பதும் அதையே. பரப்பு கிடைத்து, துணைப் புரதமும் கூடிவிட்டால், த்ராம்பின் உண்டாகும் வேகம் சுமார் 3 லட்சம் மடங்கு கூடுகிறது. பி.எஸ்.ஸின் அளவு ஒரு துளியும் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். அது சுவரின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு வந்தது, அவ்வளவுதான்.

இது நடக்காதவர்களும் இருக்கிறார்கள். ஸ்காட் நோய் உள்ளவர்களுக்குத் தட்டணு எண்ணிக்கை சரியாக இருக்கும், உறைதல் காரணிகள் சரியாக இருக்கும், ஆனாலும் பல் பிடுங்கினாலோ பிரசவத்திலோ இரத்தம் நிற்காது. அவர்களின் தட்டணுக்களில் பி.எஸ். இருக்கிறது, வெளியே வர வழியில்லை. அந்த வழியைத் திறக்கும் புரதம் எது என்பதை ஷிகெகாசு நாகாதாவின் ஜப்பானியக் குழு 2010இல் கண்டறிந்தது. டி.எம்.இ.எம்.16எஃப் என்ற அந்தப் புரதத்தின் மரபணு, ஸ்காட் நோயாளியிடம் பழுதாகி இருந்தது. இவர்களுக்கு எத்தனை கிராம் பி.எஸ். ஊட்டினாலும் என்ன பயன்?

வெளியே வரும் பி.எஸ்.ஸுக்கு இரண்டாவது பொருள் ஒன்றும் உண்டு: மரணம். நம் உடலில் நாள்தோறும் கோடானுகோடி செல்கள் திட்டமிட்டபடி சாகின்றன. அவை வெடித்துச் சிதறி அழற்சி உண்டாக்குவதற்கு முன் விழுங்கு செல்கள் வந்து எடுத்துவிடுகின்றன. சாகும் செல்லை எப்படி அடையாளம் காண்கின்றன? மேற்பரப்பில் தெரியும் பி.எஸ்.ஸை வைத்து என்பதை ஃபேடக், ஹென்சன் குழுவினர் 1992இல் காட்டினார்கள். சாகத் தொடங்கிய செல்லில் கேஸ்பேஸ் என்ற நொதி ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்கிறது: பி.எஸ்.ஸை உள்ளே தள்ளும் புரதத்தை வெட்டிப்போடுகிறது, வெளியே கொட்டும் இன்னொரு ஸ்கிராம்பிளேஸை வெட்டித் திறந்துவிடுகிறது. தட்டணுவில் நடப்பதைப் போல இதை மூட முடியாது.

இந்த அடையாளத்தைப் படிக்கத் தவறினால் வரும் நோய்களைப் பாருங்கள். விழித்திரையின் ஒளி உணரும் செல்கள் தினமும் தம் நுனியைக் கழிக்கின்றன. கழியும் நுனியில் பி.எஸ். வெளித்தெரியும், பின்னால் இருக்கும் நிறமிச் செல்கள் அதைக் கண்டு விழுங்கும். விழுங்க உதவும் மெர்ட்கே என்ற புரதம் பழுதானவர்களுக்குக் கழிவு தேங்கி, விழித்திரை சிதைந்து, பார்வை போகிறது. இறந்த செல்லின் பி.எஸ்.ஸையும் விழுங்கு செல்லையும் இணைக்கும் எம்.எஃப்.ஜி.–இ8 என்ற புரதம் இல்லாத எலிகளுக்கு லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் வந்ததை நாகாதாவின் குழு 2004இல் கண்டது. அள்ளப்படாத பிணங்களைப் பார்த்து நோய் எதிர்ப்பு மண்டலம் குழம்பிப்போகிறது.

இருக்கக் கூடாத இடத்தில்

நீலகிரியின் பழங்குடிகளிடம் அரிவாள் செல் மரபணு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இல் அறிவித்தார்கள். இந்தியாவில் அந்த நோயைப் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று அது. ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிய நோய் என்று பாடப்புத்தகம் முடித்துக்கொள்கிறது. ஆனால் வளைந்து நிமிர்ந்து நைந்த சிவப்பணுவின் சவ்வு தன் ஒழுங்கை இழந்து பி.எஸ்.ஸை வெளியே காட்டத் தொடங்குகிறது. காட்டினால் இரண்டு விளைவு: இரத்தக்குழாய் ஓரத்தில் ஒட்டும், உறைதலைத் தூண்டும். கூடவே விழுங்கு செல்களும் அதை முன்கூட்டியே இழுத்துப் போய்விடும். இந்த நோயாளிகளிடம் உறைதல் மிகையாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உள்ளே அதே பி.எஸ். இருந்தபோது ஒரு தொந்தரவும் இல்லை.

கரு தொடர்ந்து கலையும் பெண்களிடமும், இளம் வயதில் பக்கவாதமோ கால் நாளத்தில் இரத்தக்கட்டியோ வந்தவர்களிடமும் மருத்துவர்கள் தேடும் நோய் ஒன்றுண்டு: 1983இல் கிரஹாம் ஹியூஸ் விவரித்த ஆன்டிபாஸ்போலிப்பிடு நோய். உடல் தன் பாஸ்போலிப்பிடுகளுக்கே எதிர்ப்பு முறிகளை உண்டாக்கிக்கொள்கிறது என்று முதலில் கருதினார்கள். கொழுப்பு நேரடி இலக்கல்ல, எதிர்மின்னூட்டமுள்ள பாஸ்போலிப்பிடுகளில் வந்து அமரும் பீட்டா–2 கிளைகோபுரதம்தான் பிரதான இலக்கு என்பது 1990 வாக்கில் தெளிவானது. இந்த நோயைச் சோதிக்கும் முறைகளில் ஒன்றுக்கு நமக்கு நன்கு தெரிந்த பாம்பின் நஞ்சு தேவை. கண்ணாடி விரியனின் நஞ்சு உறைதலின் பத்தாவது காரணியை நேரடியாகக் கிளப்பிவிடும். கடிபட்டவரின் இரத்தம் உறைதல் காரணிகளையெல்லாம் செலவழித்துவிட்டு உறையாமல் போவது அதனால்தான். அதே நஞ்சை மிகவும் நீர்க்கச் செய்து, நோயாளியின் பிளாஸ்மாவோடு கொஞ்சம் பாஸ்போலிப்பிடு சேர்த்துச் சோதனைக் குழாயில் விட்டால், உறைய நேரம் பிடிக்கிறது. எதிர்ப்பு முறிகள் அந்தக் கொஞ்சப் பரப்பையும் அடைத்துக்கொள்வதே காரணம். பாஸ்போலிப்பிடைக் கூட்டினால் நேரம் சரியாகிவிடும். குழாயில் உறைதலைத் தாமதப்படுத்தும் அதே முறிகள் உடலுக்குள் இரத்தக்கட்டியை உண்டாக்குகின்றன. அளவைச் சரிசெய்தால் தீர்ந்துவிடும் குறை குழாயில் மட்டுமே உண்டு, உடலில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது.

வைரஸ்களும் இந்தப் பக்க ரகசியத்தை அறிந்து வைத்திருக்கின்றன. சில வைரஸ்கள் தம் உறையில் பி.எஸ்.ஸைப் பூசிக்கொண்டு இறந்த செல் போல வேடமிடுகின்றன. விழுங்க வரும் செல்லுக்குள் அப்படியே நுழைந்துவிடுகின்றன. பெரியம்மையின் உறவான வேக்சினியா வைரஸில் 2008இல் இது காட்டப்பட்டது. டெங்கு வைரஸும் பி.எஸ்.ஸை அறியும் ஏற்பிகளைப் பயன்படுத்தி நுழைய முடியும் என்று 2012இல் தெரியவந்தது. புற்றுநோய்க் கட்டிகளுக்குச் செல்லும் இரத்தக்குழாய்களின் உள்சுவரிலும் பி.எஸ். வெளியே தெரிகிறது, அது எதிர்ப்பு மண்டலத்தை அமைதிப்படுத்திக் கட்டியைக் காக்கிறது. அதை மறைக்க பவிடுக்சிமாப் என்ற மருந்தை நுரையீரல் புற்றுநோயில் சோதித்தார்கள். 2016இல் மூன்றாம் கட்டச் சோதனை பலனில்லை என்று நிறுத்தப்பட்டது. பல ஆண்டு ஆராய்ச்சியும் பெரும் பணமும் கொட்டி, இலக்கைத் துல்லியமாகக் குறிவைத்துச் செய்த மருந்தே இப்படி. அப்படியிருக்க, இலக்கே இல்லாமல் விழுங்கும் சோயா மாத்திரை மூளையில் சாதித்துவிடும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

மூளைக்குள் நடப்பது

இத்தனையும் இரத்தத்தின் கதை, மூளையின் கதை வேறு என்று ஒருவர் சொல்லலாம். வேறில்லை. வளரும் மூளையில் தேவைக்கு மேல் நரம்பிணைப்புகள் உருவாகின்றன; பிறகு மைக்ரோகிளியா என்ற செல்கள் வேண்டாதவற்றை விழுங்கிச் செப்பனிடுகின்றன. எதை விழுங்குவது என்பதற்கு ஓர் அடையாளம், இணைப்பின் மேற்பரப்பில் தெரியும் பி.எஸ். என்பது 2020இல் வெளியான ஆய்வுகளில் காட்டப்பட்டது. டவ் புரதம் திரண்டு கிடக்கும் எலி நரம்பு செல்கள் உயிரோடிருக்கும்போதே பி.எஸ்.ஸை வெளியே காட்ட, மைக்ரோகிளியா அவற்றை உயிரோடு விழுங்கிவிடுவதை 2018இல் பார்த்தார்கள். டவ் திரள்வது அல்சைமர் நோயின் அடையாளங்களில் ஒன்று. பி.எஸ்.ஸை அறியும் ஏற்பிகளில் ஒன்றான ட்ரெம்2இன் ஒரு மரபணு மாற்றம் அல்சைமர் அபாயத்தைக் கூட்டுகிறது என்பதும் 2013 முதல் தெரிந்த செய்தி. பி.எஸ்.ஸை உள்ளே தள்ளும் புரதங்களில் ஒன்றான ஏ.டி.பி.8ஏ2 பழுதானவர்களுக்கு நடை தள்ளாடி, அறிவு வளர்ச்சியும் குன்றுகிறது.

நினைவிழப்பு நோய்க்கும் இந்தக் கொழுப்புக்கும் உள்ள உறவு குறித்து நமக்கு உறுதியாகத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, இருக்க வேண்டிய பக்கத்தில் அது இல்லாமல் போவதைப் பற்றியது. வயதானால் அது குறைகிறது என்ற இரண்டாவது வரிக்கும் இதுவே பதில். முதுமையில் நரம்பிணைப்புகள் அழிகின்றன, செல்களும் சுருங்குகின்றன. சவ்வு குறைந்தால் சவ்வில் உள்ள கொழுப்பும் குறையத்தான் செய்யும். விளைவைக் காரணமாக்கி, அதைச் சரிக்கட்ட மருந்து விற்கிறார்கள்.

விழுங்கிய பி.எஸ். அங்கே போய்ச் சேருகிறதா என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். கணைய நீரில் உள்ள நொதி அதன் கொழுப்பமில வால்களில் ஒன்றைக் குடலிலேயே வெட்டிவிடுகிறது. குடல் செல்கள் துண்டுகளை எடுத்துத் தம் விருப்பப்படி மாற்றி அடுக்குகின்றன. மூளைக்குள் டி.ஹெச்.ஏ. என்ற கொழுப்பமிலம் நுழைவதற்கான முக்கிய வழியை சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2014இல் கண்டறிந்தார்கள். அந்த வழியில் ஏறுவது வேறொரு பாஸ்போலிப்பிடின் வால் அறுபட்ட வடிவம். மூளையின் பி.எஸ்.ஸில் டி.ஹெச்.ஏ. மிகுதி. சோயாவிலிருந்து நொதியால் தயாரிக்கும் மாத்திரைச் சரக்கில் டி.ஹெச்.ஏ. கிடையாது. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே பொருளும் ஒன்றாகிவிடாது.

சோதனைகள் சொல்வது

“பொறிமுறை எப்படியோ போகட்டும், சோதனையில் பலன் தெரிந்ததே” என்பது எதிர்த்தரப்பின் வலிமையான வாதம். அதை நேர்மையாகவே எடுத்துக்கொள்கிறேன். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் சோதனைகள் நடந்தன. சிலவற்றில் முன்னேற்றமும் தெரிந்தது. 1993இல் வடஇத்தாலியின் 23 மருத்துவப் பிரிவுகளில் 494 முதியவர்களுக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்த சோதனையே அவற்றில் பெரியது. இன்றைய விளம்பரங்கள் மேற்கோள் காட்டுவதும் இதைப் போன்றவற்றைத்தான்.

அவர்கள் சொல்லாமல் விடும் தகவல் ஒன்றுண்டு. அந்தச் சோதனைகளில் கொடுத்தது மாட்டின் மூளையிலிருந்து எடுத்த பி.எஸ். பைத்தியப் பசு நோய் மனிதருக்கும் பரவும் என்று 1996இல் தெரிந்த பிறகு அந்தச் சரக்கைத் தொட ஆளில்லை. தொழில் சோயாவுக்கு மாறியது. மருந்து மாறியது, பழைய சோதனையின் புகழ் மட்டும் புதிய டப்பாவுக்கு இடம் பெயர்ந்தது. சோயா பி.எஸ்.ஸை நெதர்லாந்தில் 120 முதியவர்களிடம் 12 வாரம், 300 மில்லிகிராம், 600 மில்லிகிராம் என இரண்டு அளவில் சோதித்து, 2001இல் முடிவு வெளியிட்டார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எந்த முன்னேற்றமும் இல்லை. 2010இல் ஜப்பானில் 78 பேரிடம் நடந்த சோதனையில், தொடக்கத்தில் மதிப்பெண் குறைவாக இருந்த துணைக்குழுவில் கொஞ்சம் ஏற்றம் தெரிந்தது. துணைக்குழுவில் மட்டும் தெரியும் ஏற்றத்தை வைத்து அடுத்த சோதனையைத் திட்டமிடலாம். விளம்பரம் எழுதக் கூடாது.

‘அமெரிக்க அரசே அனுமதித்தது’ என்பார்கள். 2003இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது நிபந்தனையுள்ள ஒரு வாசகத்தை. இந்தக் கூற்றுக்கு அறிவியல் ஆதாரம் மிகவும் குறைவு என்று நிர்வாகம் கருதுவதாக அதே வாசகத்திலேயே அச்சிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நற்சான்று என்று காட்டப்படும் தாளின் உள்ளடக்கம் இது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் இன்னும் நேராகச் சொல்லிவிட்டது: காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை.

‘கெடுதல் இல்லையே’

கடைசி அரண் இதுதான். நானும் ஒப்புக்கொள்கிறேன்: வழக்கமான அளவில் பெரும்பாலோருக்கு வயிற்றுக் கோளாறுக்கு மேல் எதுவும் வருவதில்லை. விழுங்கிய பி.எஸ். நேரே போய்த் தட்டணுவின் வெளிச்சுவரில் ஒட்டிக்கொள்ளும், இரத்தம் உறைந்துவிடும் என்று பயமுறுத்துவது என் வேலையல்ல. அப்படிச் சொன்னால் அதுவும் இதே வகைப் பொய்தான்.

கெடுதல் மாத்திரைக்குள் இல்லை, அது பிடித்துக்கொள்ளும் காலத்தில் இருக்கிறது. மறதி என்று வரும் முதியவரிடம் பார்க்க வேண்டியவை பல. பி12 குறைவு மறதியை உண்டாக்கும். அது உண்மையிலேயே ‘குறைந்தால் நிரப்பு’ கணக்குக்கு உட்பட்டது. மரக்கறி மட்டும் உண்பவர்களிடமும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுபவர்களிடமும் அதை எதிர்பார்க்கலாம். தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரைகள், காது கேளாமை ஆகியவையும் பட்டியலில் உண்டு. உலகில் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று கணித்த லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை, அதற்காக 14 காரணங்களைப் பட்டியலிட்டது: கல்வியின்மை, இரத்த அழுத்தம், கொலஸ்டிரால், நீரிழிவு, காது கேளாமை, தனிமை, காற்று மாசு என்று போகும் அந்தப் பட்டியலில் பி.எஸ். குறைவு இல்லை. மாதாமாதம் மாத்திரை டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்தால் காது கேட்கும் கருவி வந்துவிடும்.

சோயா பி.எஸ்.ஸை வைத்து, போதிய ஆட்களோடு, முன்கூட்டியே அறிவித்த அளவுகோலோடு, மறதி நோய் தள்ளிப்போகிறதா என்று யாராவது சோதித்துப் பலன் காட்டினால் நான் மாத்திரையைப் பரிந்துரைக்கத் தயார். அதுவரை, இந்தக் கொழுப்பைப் பற்றிப் பேசுபவர்கள் அதற்கு உரிய மரியாதையைத் தர வேண்டும். காயத்தில் இரத்தத்தை நிறுத்துவது, இறந்த செல்லை அடையாளம் காட்டுவது, நரம்பிணைப்பின் தலைவிதியை எழுதுவது ஆகிய இத்தனையையும் இடம் மாறுவதன் மூலமே சாதிக்கும் ஒரு மூலக்கூறை, டானிக்கில் கலக்கும் சத்துப் பொருளாகச் சுருக்குவது வியாபாரத்துக்கு லாபம். அதை அறிவியல் என்று ஏற்பது வாசகர்களுக்கும் மருத்துவர்களுக்கும் நஷ்டம். ‘மூளைக்கு நல்லது’ என்று அடுத்த முறை யாராவது டப்பாவை நீட்டினால், இது என் செல்லில் எந்தப் பக்கம் போய் நிற்கும் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்கத் தேவையில்லை.